பதினெட்டுப் பேர் சாட்சி

“என்னை எதுக்குடி வாசல்ல வச்சுக் காட்டப்போற? நான் என்ன கோயில் கோபுரமா?”

பெர்பெத்துவா அம்மாளுக்கு வயது தொண்ணூற்றொன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள். மூத்த மகள் காஸில்தா தரையில் மண்டியிட்டு, அம்மாவின் வீங்கின காலுக்குள் கறுப்புச் செருப்பை நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கால நீட்டும்மா.”

“கோபுரமா இருந்தாலும் பரவால்ல. அதுக்குக் கால் வீங்காது.”

“வாய் வீங்காம இருக்கே, அது போதும். நீட்டு.”

அன்று ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், தேர்தல் நாள். தொலேதோவில் தேர்தல் நாள் என்றால் பள்ளிக்கூடங்கள் திறந்திருக்கும், மதுக்கடைகளில் சத்தம் கூடியிருக்கும், மடத்துக் கன்னியர்கள் வெளியே வருவார்கள். மற்ற நாட்களில் அடைத்த கதவுக்குள்ளேயே இருந்து அங்கேயே செத்துப் புதைகிறவர்கள். ஓட்டுப் போட மட்டும் இரண்டிரண்டு பேராகத் தெருவில் இறங்கி, பள்ளிக்கூடம் போய், சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். சாந்தா ஒப்துலியா மடத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில்தான் காஸில்தாவின் வீடு. மடம் மேலே, படிச்சந்தின் உச்சியில். வீடு சந்து திரும்பும் முடக்கில்.

அந்த மடத்தில்தான் தங்கை சாக்ரா இருந்தாள். முப்பத்திநாலு வருஷமாக.

“சாக்ரா வருவாளா?” அம்மா கேட்டாள். காலையிலிருந்து ஏழாவது தடவை.

“தெரு வழியாத்தான் போயாகணும். வேற வழியில போனா சுத்து.”

“தெரு வழியாப் போறது வேற. வீட்டுக்குள்ள வர்றது வேற.”

“வராம எங்க போவா?”

அம்மா செருப்புக்குள் காலை நுழைத்தாள். நடக்க முடிந்த காலமெல்லாம் மாதம் ஒரு தடவை கோலை ஊன்றிக்கொண்டு மேலே ஏறி, மடத்துப் பேச்சறையில் இரும்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இளைய மகளைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். இரண்டு வரிசைக் கம்பி. விரல்கூட நுழையாது. ஒன்றரை வருஷத்துக்கு முன் கால் போனது, அதோடு அதுவும் நின்றது. அந்தப் படிகளில் சக்கர நாற்காலி ஏறாது. ஏப்ரலில் வந்த டாக்டர், கோடையைத் தாண்டினால் அது கடவுள் கொடுத்ததுதான் என்று நடையில் நின்று மெல்லச் சொன்னார். அம்மாவுக்குக் கண் புகைந்துபோயிருந்தது, காது அல்ல. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மா சொன்னாள்: “கம்பி வழியாப் பாத்ததெல்லாம் போதும். அவ கன்னத்த ஒரு தடவை தொட்டுட்டா நான் போயிடுவேன்.”

‘என் கன்னம் இங்கேயே இருக்கே’ என்று காஸில்தா சொல்லவில்லை. சூப்பைக் கலக்கிக் கொடுத்தாள்.

சாக்ரா மடத்துக்குப் போனது பத்தொன்பது வயதில். அப்பா செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காஸில்தாவுக்கும் எலோய்க்கும் கல்யாணத் தேதி குறித்தாயிற்று, வெளியூரில், வலென்சியாவில், வீடு பார்த்தாயிற்று. ஒரு காலை சாக்ராவின் கட்டில் காலியாக இருந்தது. தலையணை மேல் ஒரு கடிதம், ஆண்டவர் அழைக்கிறார் என்று. ஆண்டவர் ஒருத்தியை அழைத்தால், மற்றவள் தன்னால் அம்மாவோடு இருந்தாக வேண்டும். எலோய் ஒரு வருஷம் காத்திருந்தான். அதுவே ஜாஸ்தி.

பிறகு காஸில்தா ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்குப் போனாள். ‘வாயால் அறியும் தொலேதோ’ என்று தன் நடைக்குப் பேர் வைத்தாள். சதுக்கத்தில் ஆரம்பித்து, செவெரினோ கடையில் தக்காளியில் வெந்த பன்றிக்கறி, அப்புறம் செங்கல் கோபுரங்கள், அப்புறம் மடங்கள் தலைக்குமேல் பாலம் போட்டு இணைந்திருக்கும் மூடுசந்துகள், கடைசியில் சாந்தா ஒப்துலியா மடத்துச் சுவரில் சுழல்மாடம். அதில் ஆள் முகம் தெரியாது. சுவருக்குள் பதித்த மர உருளை ஒன்று, அவ்வளவுதான். இந்தப் பக்கம் கேட்டால், அந்தப் பக்கம் பாதாம் பலகாரப் பெட்டியை வைத்துச் சுழற்றுவார்கள். மார்சிபான் என்ற அந்தப் பலகாரத்தைப் பற்றிக் காஸில்தாவிடம் ஒரு கதை இருந்தது. முற்றுகைக் காலத்தில் கோதுமை தீர்ந்துபோய், கிடங்கில் பாதாம் மட்டும் மிஞ்சி, ஒரு கன்னிகையின் கனவில் வானதூதர் வந்து... பாதி ஊரில் கேட்டது, பாதி அவள் கட்டினது. இன்றைக்கும் கன்னியர்கள் பாடிக்கொண்டேதான் மாவு உருட்டுகிறார்கள் என்று முடிப்பாள். வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு கடிப்பார்கள்.

அந்த மாடத்துக்குப் பின்னால் சில நாள் சாக்ரா இருப்பாள். குரலை வைத்துத் தெரியும். “மாசற்ற மரியே வாழ்க” என்பாள் காஸில்தா. “ஜென்மப் பாவமின்றி உற்பவித்தவளே” என்று உள்ளேயிருந்து வரும். பிறகு எத்தனை பெட்டி, சின்னதா பெரியதா. முப்பத்திநாலு வருஷத்தில் அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது அவ்வளவே. பேச்சறைக்குக் காஸில்தா ஒரு நாளும் போனதில்லை. கூப்பிட்டால் போவோம் என்றிருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவள் வந்தால் பார்ப்போம் என்றிருந்தாள் போல.

கென்யாவிலிருந்து வந்த சிஸ்டர் எஸ்தர் மாடத்தில் இருக்கும் நாளில் மட்டும் கொஞ்சம் பேச்சு நடக்கும். டாக்டர் வந்துபோன மறுநாள் காஸில்தா அவளிடம் கேட்டாள்.

“சிஸ்டர், பெத்த தாய் சாகக் கிடந்தாக்கூட வெளியில விட மாட்டீங்களா?”

“இப்ப விடறாங்கம்மா. மதர்கிட்ட கேட்டு வாங்கணும்.”

“சிஸ்டர் இனெஸ் கேட்டாங்களா?” மடத்தில் சாக்ராவின் பேர் இனெஸ்.

“அது எனக்கெப்படித் தெரியும்? நாங்க ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் விசாரிக்கறதில்ல.”

“அம்மாவுக்கு முடியல, தொடணும்னு கேக்கறாங்கன்னு சொல்லுங்க.”

“சொல்றேன். தேர்தலன்னைக்கு உங்க தெருவழியாத்தான் போவாங்க, தெரியுமில்ல? எனக்கு ஓட்டுக் கிடையாது. நான் சட்டி கழுவிட்டு இருப்பேன்.”

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது: சிஸ்டர் இனெஸ் அம்மாவுக்காக ஜெபிக்கிறாராம்.

“ஜெபிக்கிறாளாம்!” காஸில்தா மதுக்கடை செவெரினோவிடம் சொன்னாள். “பத்து நிமிஷ நடை. இறங்கி வரத் துப்பில்ல, ஜெபிக்கிறாளாம்.”

“விடு. அவங்க உலகம் வேற.”

“நான் யார் உலகத்துல இருந்தேன் செவெரினோ, இத்தனை வருஷமா?”

செவெரினோ கண்ணாடிக் கோப்பையைத் துடைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தனியாக நின்று கூப்பிட்டால் சாக்ரா தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். பத்தொன்பது வயதில் அப்படித்தானே போனாள், யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து. நாலு பேர் பார்க்கிற இடத்தில் பெற்றவளைத் தாண்டிப் போவாளா? அதையும் பார்த்துவிடலாம். அன்றைய நடைக்குப் பதினெட்டுப் பேர் பதிந்திருந்தார்கள். பதினெட்டுப் பேர் சாட்சி.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு நீல உடுப்பை மாட்டி, முடியைச் சீவி, நாற்காலியோடு வாசல் நடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, காஸில்தா சதுக்கத்துக்குப் போனாள். நடையின் வரிசையை மாற்றினாள். கோபுரங்களை விட்டாள். செவெரினோ கடையில் எல்லாரையும் நின்றபடியே சாப்பிட வைத்தாள்.

“என்ன இன்னைக்கு, ஆத்துல வெள்ளமா? இப்படி வெரட்டற?” என்றான் செவெரினோ.

“பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசல்ல இருக்கணும். அப்பத்தான் மடத்துல இருந்து இறங்குவாங்க.”

“இந்தப் பதினெட்டையும் கூட்டிக்கிட்டா?”

“ஆமா.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். “காஸில்தா, வேண்டாம்.”

“உன் வேலையப் பாரு.”

போகும் வழியில், மூடுசந்தின் நிழலில் நிறுத்தி, கூட்டத்திடம் ஆங்கிலத்தில் சொன்னாள். வழக்கமாக வானதூதர் கதை சொல்லும் இடம் அது. அன்றைக்கு வேறு சொன்னாள்.

“நீங்க கடைசியில சாப்பிடப்போற பலகாரத்த உருட்டற கைகள இன்னைக்கு நேர்ல பாக்கப்போறீங்க. தேர்தலுக்குத் தேர்தல்தான் அவங்க வெளியில வருவாங்க. கீழ ஒரு வாசல்ல ஒரு தாய் உக்காந்திருக்காங்க. தொண்ணூத்தொரு வயசு. மக உள்ள போய் முப்பத்திநாலு வருஷமா அவ முகத்தத் தொட்டதில்ல. இன்னைக்குத் தொடப்போறாங்க.”

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மார்லூஸ் என்ற டச்சுக்காரி, கணவனை இழந்து ஊர் ஊராய்ச் சுற்றுகிறவள், காஸில்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் தாயை உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் காஸில்தா. “படம் அப்புறம் எடுக்கலாம். முதல்ல அமைதியா நில்லுங்க.”

வாசலில் அம்மா சூரியனுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினெட்டுப் பேரும் எதிர்ச்சுவர் ஓரமாய் நின்றார்கள்.

“யாருடி இவங்கல்லாம்?”

“என் ஆளுங்கதாம்மா. சும்மா நிப்பாங்க.”

“எதுக்கு நிக்கறாங்க?”

“நிழலுக்கு.”

அந்த ஊரில் ஒரு பழக்கம் உண்டு. நிற்கிற கூட்டத்தைக் கண்டால் போகிற கூட்டமும் நின்றுவிடும். ஏதோ இருக்கிறது, தன் வழிகாட்டி சொல்லாமல் விட்டுவிட்டான் என்று நினைப்பு. இருபத்தைந்து வருஷம் அந்தத் தொழிலில் இருந்த காஸில்தா இதை மறந்திருக்கக் கூடாது. கொரியாக்காரர்கள் ஒரு குழு வந்து நின்றது. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் குழு. சைக்கிள்காரர்கள் நாலைந்து பேர். என்ன, என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள். கன்னியர்கள் வருகிறார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் கல்யாணமாம் என்றார். பன்னிரண்டு அடிக்கும்போது சந்தில் அறுபது பேருக்குக் குறையாது. காஸில்தாவையே வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

படிச்சந்தின் மேலே வெள்ளை உடுப்பும் கறுப்பு முக்காடும் தெரிந்தது. முன்னால் மடத்துத் தலைவியான மதர், பின்னால் ஆறு பேர். கைபேசிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மேலே எழுந்தன. யாரோ கைதட்டினார்கள். அது பரவிவிட்டது. “மதர், இங்க பாருங்க” என்று ஒரு ஆண்குரல். காஸில்தா எக்கிப் பார்த்தாள். முன்னால் நின்றவனின் முதுகுப்பைதான் தெரிந்தது. “வழிய விடுங்க, அது என் தங்கச்சி” என்று கத்தினாள். யார் காதிலும் விழவில்லை. கைதட்டல் சத்தம் அப்படி. அவள் முண்டியடித்து முன்னால் வந்தபோது படிகள் காலியாக இருந்தன. மேலே மூடுசந்துக்குள் கடைசி முக்காட்டின் நுனி திரும்பி மறைந்தது.

“போயிட்டாங்களா?” என்றான் முதுகுப்பைக்காரன். “அவ்வளவுதானா?”

கூட்டம் கலைய ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மா வாசலில் அப்படியே இருந்தாள். கன்னத்தைத் தொடுவதற்காகத் துடைத்து வைத்த கை மடியில் இருந்தது.

“வந்தாளா?”

காஸில்தா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

“எல்லாரும் கைதட்டினாங்களே. வந்தாளா?”

மார்லூஸ்தான் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். உயரமானவள் என்பதால் எல்லார் தலைக்கும் மேல் படம் எடுத்திருந்தாள். விரலால் அதைப் பெரிதாக்கி, கைபேசியை அம்மாவின் மூக்குக்குக் கிட்டே பிடித்தாள். கிட்டத்தில் பிடித்தால் அம்மாவுக்குத் தெரியும்.

வரிசையில் மூன்றாவதாக நின்றவள். ஐம்பத்துமூன்று வயதுப் பெண். வெயிலில் வெளுத்த முகம் பாதி, மறுபாதியை விரித்த உள்ளங்கை மறைத்திருந்தது.

“யார் இது கிழவி?”

“சாக்ராம்மா.”

அம்மா வெகுநேரம் பார்த்தாள். “எதுக்குக் கைய வச்சுக்கிட்டிருக்கா?”

காஸில்தா நினைத்திருந்தால் ‘வெயிலுக்கு’ என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாளைக்கு நாலு கதை கட்டுகிறவளுக்கு அது ஒரு பெரிய காரியமில்லை.

“உன்னப் பாக்க வேண்டாம்னுதான்” என்றாள். “வேற எதுக்கு? நீ உக்காந்திருக்கறது தெரிஞ்சுதானே திரும்பிப் போனா. முப்பத்திநாலு வருஷமா நான் சொல்லாம சொல்றேன். இப்ப நீயே பாத்துக்கோ.”

மார்லூஸுக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. சிரித்தபடியே நின்றாள். அம்மா கைபேசியைத் தள்ளினாள்.

“உள்ள கொண்டுபோ என்னை.”

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது காஸில்தாவுக்கு உடம்பு லேசாக இருந்தது. வெகுகாலம் தூக்கிய ஒன்றை இறக்கி வைத்த மாதிரி. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நடை பாதியில் நின்றால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், புகார் எழுதுவார்கள். மிச்ச இடத்தையும் காட்டி, மடத்து மாடத்தில் பலகாரம் வாங்கிக் கொடுத்து, எல்லாரையும் அனுப்பினாள். அப்போது மாடத்தில் எஸ்தர்தான் இருந்தாள், எத்தனை பெட்டி என்று கேட்டதற்கு மேல் பேசவில்லை. சாயங்காலம் நாலரைக்குக் காஸில்தா தனியாக மறுபடி மேலே ஏறினாள். சண்டை போடுவதற்கென்றே ஏறினாள். என்ன கேட்க வேண்டும் என்று படிக்குப் படி சேர்த்துக்கொண்டு வந்தாள்.

“மாசற்ற மரியே வாழ்க.”

“ஜென்மப் பாவமின்றி உற்பவித்தவளே.” பிறகு ஒரு மூச்சு கேட்டது. “அக்கா.”

சேர்த்துக்கொண்டு வந்ததெல்லாம் எங்கேயோ போயிற்று.

“இப்பத்தான் அக்கான்னு வாய் வருதா?”

“உனக்கு மட்டும் தங்கச்சின்னு வந்துச்சா? முப்பத்திநாலு வருஷத்துல ஒரு நாள் பேச்சறைக்கு வந்து உக்காந்தியா? அம்மா பக்கத்துல எப்பவும் ஒரு நாற்காலி காலியாப் போட்டு வச்சிருப்பாங்க. நான் அதையே பாத்துட்டு இருப்பேன்.”

“நீ கூப்பிட்டியா?”

“எழுதினேன். ரெண்டு தடவை.”

எழுதியிருந்தாள்தான். இரண்டையும் பிரிக்காமல் அடுப்பில் போட்டது காஸில்தா.

“சரி, என்னை விடு. மத்தியானம் பெத்தவ நாற்காலியில உக்காந்திருந்தா. அவளப் பாத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டுத் திரும்பிட்ட. படத்துல இருக்கு. அதுக்கு என்ன சொல்ற?”

“அம்மாவ எங்கக்கா பாத்தேன்? ஒரே தலையா இருந்துச்சு. எல்லார் கையிலயும் போன். அதுக்குத்தான் மறைச்சேன்.”

“நல்லாருக்கு.”

“அரை மணி நேரம் வாங்கியிருந்தேன்.”

“எதுக்கு?”

“வீட்டுக்கு வர்றதுக்கு. ஓட்டுப் போட்டுத் திரும்பும்போது மத்தவங்க மேல போயிடுவாங்க, நானும் மதரும் வீட்டுக்குள்ள வர்றதா ஏற்பாடு. எஸ்தர் உன் சேதியச் சொன்ன அன்னைக்கே போய் மதர் காலப் பிடிச்சேன். மூணு வாரம் கேட்டேன். கடைசியில சரின்னாங்க. யாருக்கும் தெரியக் கூடாது, தெரு அமைதியா இருக்கணும், இவ்வளவுதான் அவங்க கேட்டது. போன தேர்தல்ல ஒரு பத்திரிகைக்காரன் எங்கள விரட்டி விரட்டிப் படம் எடுத்தான். அதுல ரெண்டு கிழவிங்க படியில விழுந்தாங்க.”

காஸில்தா மாடத்தின் மரத்தில் கை வைத்துக்கொண்டாள். நூறு வருஷமாய்ப் பெட்டி வைத்து எடுத்து வழவழத்த மரம்.

“ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா பாவி? ஜெபிக்கிறேன்னு சொல்லி அனுப்பற.”

“சொல்லக் கூடாதுன்னு மதர் சொன்னாங்க. அதோட, சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? நீ அதையும் நடையில சேத்துடுவ. இங்க எல்லாம் கேக்கும்க்கா. நாங்க பாடிக்கிட்டே மாவு உருட்டறோம்னு நீ தினமும் சொல்றது கேக்கும். நாங்க வாயத் திறக்கறதே இல்ல, அது மௌன நேரம். அந்த வானதூதர் வரும்போதெல்லாம் எஸ்தர் சிரிப்ப அடக்க முடியாம எழுந்து போயிடுவா.”

“சிரி. நீயும் சிரி.”

“நான் சிரிக்கல. உன் குரல் கேக்கும்னுதான் மாடத்து வேலைய வாங்கிக்குவேன்.”

உள்ளே எங்கேயோ ஒரு மணி அடித்தது. சாக்ராவின் குரல் தணிந்தது.

“நான் ஒரு அடி முன்னால வச்சேன்க்கா. கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு வந்துடலாம்னு. மதர் என் கையப் பிடிச்சுட்டாங்க. வாக்குக் கொடுத்திருக்கேன், அவங்க சொன்னாத் திரும்பித்தான் ஆகணும். அப்புறம் வண்டி பிடிச்சுப் பின்பக்கமாப் போய் ஓட்டுப் போட்டு வந்தோம்.”

“மறுபடி கேளு. நாளைக்கே கேளு.”

“கேட்டாச்சு. ‘பொறி வச்ச வீட்டுக்கு என் பிள்ளைய அனுப்ப மாட்டேன். இலை உதிர்ற காலத்துல பாக்கலாம்’னுட்டாங்க.”

“டாக்டர் கோடைதான்னு சொல்றாரு.”

“தெரியும். அதையும் சொன்னேன்.”

“நான் வந்து மதர்கிட்ட பேசறேன். இனிமே இந்த வாசலுக்கு ஒரு ஆளையும் கூட்டிட்டு வரமாட்டேன்னு எழுதித் தர்றேன்.”

“அதுவும் முடியாதுக்கா. விக்கறதுல முக்கால்வாசி உன் ஆளுங்க வாங்கறதுதான். குளிருக்கு அடுப்பு எரியறது அதுலதான். பத்தொன்பது கிழவிங்க இருக்காங்க உள்ள. கூட்டத்தக் கூட்டிட்டு வராதேன்னு மதர் உன்கிட்ட சொல்ல மாட்டாங்க. சொல்லவும் முடியாது.”

கீழே தெருவில் யாரோ ஒருவன் யார் ஜெயிப்பார்கள் என்று உரக்கப் பந்தயம் கட்டிக்கொண்டு போனான்.

“அம்மாகிட்ட சொல்லுக்கா. நான் வந்தேன்னு. ஒரு அடி வச்சேன்னு சொல்லு. அது போதும்.”

“சொல்றேன்.”

“மூஞ்சிய மறைச்சது அவங்களப் பாத்து இல்லன்னு சொல்லு.”

“சொல்றேண்டி” என்றாள் காஸில்தா. “சொல்றேன்.”

வீட்டில் அம்மா முற்றத்து ஜன்னலோரம் இருந்தாள். நீல உடுப்பைத் தானே கழற்றப் பார்த்து, ஒரு கையைக் கழற்றியதோடு நின்றுபோயிருந்தாள். காஸில்தா அதைக் கழற்றி, வீட்டு உடுப்பை மாட்டி, பூண்டு சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. மூன்று வாரம், மதரின் கால், அரை மணி நேரம், வாக்கு, ஒரு அடி. அடுப்பில் போட்ட கடிதங்களைக்கூடச் சொன்னாள். கூட்டத்தைக் கூட்டி வந்தது தன் புத்தி, மத்தியானம் சொன்னது தன் ஆத்திரம், சாக்ரா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னாள். தொழிலில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவள் ஒன்றைச் சொன்னதில்லை. சொல்லும்போதே அது தெரிந்தது, தெரிந்ததும் நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா.”

“நல்லாருக்கு.” அம்மா கரண்டியை எடுத்தாள். “அந்த ஒரு அடி எடுத்து வச்சான்னு சொன்ன பாரு, அது ரொம்ப நல்லாருக்கு. நாளைக்கு வர்றவங்களுக்குச் சொல்லு. அழுவாங்க.”

“அம்மா, இது நான் கட்டினது இல்ல.”

“மத்தியானம் நீ சொன்னியே, அது கட்டினது இல்ல. உன் குரல்ல தெரிஞ்சுது. என் கண்ணுதான் போச்சு. எனக்கு வலிக்கட்டும்னு சொன்ன, உண்மையச் சொன்ன. இப்ப நான் சாகப்போறேன்னு இரக்கம் வந்து இனிப்புத் தர்ற.”

“சத்தியமாம்மா. ஆண்டவர் மேல.”

“அவரை இழுக்காத. அந்தப் படத்த என் மூக்குக்கு நேராப் பிடிச்சாங்க. நான் பாத்தேன். கைய வச்சு மறைச்சா. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“போனுக்குப் பயந்துதாம்மா மறைச்சா...”

“போதும் காஸில்தா.” கோபமில்லை அந்தக் குரலில். வேலைக்காரியிடம் மிச்சச் சாமானை எடுத்து வைக்கச் சொல்கிற குரல். “இனிமே அவ பேர இந்த வீட்டுல எடுக்காத. இருக்கற கொஞ்ச நாள் நாம ரெண்டு பேரும் நிம்மதியாச் சாப்பிடலாம்.”

தங்கையின் பேர் காதில் விழாத ஒரு நாளைக்காக முப்பத்திநாலு வருஷம் சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவள் காஸில்தா. இன்னொரு தடவை வாயைத் திறந்தாள். எந்தச் சொல்லை எடுத்தாலும் அது தன் தொழில் சொல்லாகவே இருந்தது. மூடிக்கொண்டாள்.

“உப்பே இல்ல இதுல” என்றாள் அம்மா.

காஸில்தா எழுந்து உள்ளே போனாள், எடுத்து வர.